இஸ்லாமியப் பள்ளியில் மார்க்கம், மண், உலகம்: நிர்வாகம் எதை முடிவு செய்ய வேண்டும்?

கேள்வி: பள்ளி நிர்வாகக் குழுச் செயலாளர்

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆரம்ப வகுப்பு முதல் உயர்நிலை வகுப்பு வரை உள்ள ஓர் இஸ்லாமியப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் மூன்று ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். பள்ளி நடத்திய அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை வேண்டி இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் வாரத்துக்கு 40 பாடவேளைகள். பெற்றோரில் ஒரு சாரார், பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் போகத்தக்க வகையில் பன்னாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார், குர்ஆன் மனனத்துக்கு இப்போது தரும் நேரமே போதவில்லை என்கிறார்கள். மூன்றாவது சாரார் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்கள் சொல்வதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நம் பிள்ளைகள் அரபியில் ஓதுகிறார்கள், ஆங்கிலத்தில் பாடம் படிக்கிறார்கள், தாய்மொழியில் ஒரு பக்கம் பிழையின்றி எழுத வரவில்லை, பிற சமயத்து அண்டை வீட்டாரோடு மனம் விட்டுப் பேசவும் தயங்குகிறார்கள் என்பது அவர்களின் குறை.

சென்ற பருவத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உயர் வகுப்பில் அறிவியல் ஆசிரியை பரிணாமக் கொள்கையைப் பாடநூலில் உள்ளவாறு நடத்தினார். அடுத்த பாடவேளைக்கு வந்த உஸ்தாத் (மார்க்க ஆசிரியர்), பிள்ளைகள் கேட்டபோது, அது முழுக்கத் தவறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தம் பாடத்தைத் தொடர்ந்தார். ஒரு மாணவி வீட்டுக்குப் போய், "இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள்?" என்று தாயிடம் கேட்டிருக்கிறாள். தாய் எங்களிடம் வந்து கேட்டார். எங்களிடமும் பதில் இல்லை.

மார்க்கக் கல்விக்கும் பொதுக்கல்விக்கும் இத்தனை விழுக்காடு என்று ஏதேனும் சரியான அளவு உண்டா? உலகத்துக்கும் ஊருக்கும் மார்க்கத்துக்கும் உரியதை உரியபடி கொடுக்கும் பொறுப்பு யாருடையது: முதல்வருடையதா, மார்க்க அறிஞர்களான ஆலிம்களுடையதா, எங்களைப் போன்ற நிர்வாகக் குழுவினுடையதா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரர் அவர்களுக்கு. நீங்கள் கேட்கும் விழுக்காட்டை ஒரு நாடு சட்டபூர்வமாகவே வகுத்துப் பார்த்திருக்கிறது. இந்தோனேசியாவில் 1975-ஆம் ஆண்டு மூன்று அமைச்சர்கள் சேர்ந்து பிறப்பித்த ஆணை, மத்ரஸாக்கள் எனப்படும் இஸ்லாமியப் பள்ளிகளில் மார்க்கப் பாடங்கள் குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும், மீதி பொதுப் பாடங்கள் என்று வகுத்தது. அதற்கு ஈடாக மத்ரஸாவின் சான்றிதழ் பொதுப்பள்ளிச் சான்றிதழுக்குச் சமம் என்ற உரிமை கிடைத்தது. மத்ரஸாவில் படித்த பிள்ளை பொதுப்பள்ளிக்கு மாறவும், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவும் வழி திறந்தது. இது சிறிய காரியமன்று. ஆனால் அந்த ஆணையால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஒரு வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் பாடத்தை ஒருவர் அறியாமல் மாறி மாறி நுழைந்து வெளியேறுவதை எந்த விழுக்காடும் தடுக்காது. உங்கள் பள்ளியில் நடந்ததும் அதுவே.

நான் பணியில் சேர்ந்த பள்ளியில் ஆசிரியர் அறைகள் இரண்டு இருந்தன. ஒன்றில் உஸ்தாதுகள், மற்றொன்றில் பாட ஆசிரியர்கள். வெவ்வேறு நேரத்தில் தேநீர், வெவ்வேறு வருகைப் பதிவேடு. கணித ஆசிரியருக்குத் தரும் ஊதியத்தில் பாதிகூட உஸ்தாதுக்கு இல்லை. பயிற்சி வகுப்புக்கு அனுப்பும்போது உஸ்தாதின் பெயரை யாரும் எழுதுவதும் இல்லை. நிகழ்ச்சி என்றால் அவரைக் கிராஅத் ஓத அழைப்போம், பாடத்திட்டக் கூட்டம் என்றால் அழைக்க மாட்டோம். மேடையில் மார்க்கமே எங்கள் உயிர் என்று பேசினோம்; எங்கள் ஊதியப் பட்டியல் வேறொன்றைச் சொன்னது. பிள்ளைகள் பேச்சைக் கேட்டுக் கற்பதைவிட இதைப் பார்த்துக் கற்பதே அதிகம். தேர்வுக்காலம் வந்தால் ஓதும் பாடவேளையை அறிவியலுக்குக் கடன் கொடுப்பதும், அந்தக் கடன் ஒருபோதும் திரும்பாததும் அவர்களுக்குத் தெரியும்.

நான் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு முதலில் கால அட்டவணையைத் தொடவில்லை. இரண்டு அறைகளுக்கும் இடையில் இருந்த சுவரை எடுத்தேன். உண்மையாகவே ஒரு மரத்தடுப்புச் சுவர் அது. பிறகு, ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்தும் எல்லா ஆசிரியர்களும் வாரம் ஒரு பாடவேளை ஒன்றாக அமர்ந்து, அடுத்த வாரம் யார் எதை நடத்தப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தை அட்டவணையிலேயே சேர்த்தேன். முதல் பருவத்தில் யாரும் பேசவில்லை. இரண்டாம் பருவத்தில், ஸகாத் (கட்டாயத் தர்மம்) கணக்கை நடத்தவிருந்த உஸ்தாத், விழுக்காடு நடத்திக்கொண்டிருந்த கணித ஆசிரியரிடம் தமக்குப் பயிற்சிக் கணக்குகள் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நாற்பதில் ஒரு பங்கு என்பது இரண்டரை விழுக்காடு என்று இரண்டு பாடங்களிலும் ஒரே வாரத்தில் வந்தபோது, பிள்ளைகளிடம் கண்ட மலர்ச்சி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

ஊதிய வேறுபாட்டைச் சரிசெய்ய எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. உங்கள் குழு அதை விரைவாகச் செய்ய முடியும். என்னிடம் இல்லாத அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

மறுமொழி 2: ஆலிம், மார்க்கப் பாட ஆசிரியர்

சகோதரி அவர்கள் சொன்னதற்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. உஸ்தாதுகளின் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவதாக, பிள்ளைகளுக்கு எதை எந்த வரிசையில் கற்பிப்பது என்பதில் முஸ்லிம்கள் எக்காலத்திலும் ஒரே முறையைக் கையாண்டதில்லை. 14-ஆம் நூற்றாண்டில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமா நூலில் இதற்கென ஓர் இயலே எழுதியிருக்கிறார். மக்ரிப் (வடமேற்கு ஆப்பிரிக்கா) மக்கள் பிள்ளைகளுக்குக் குர்ஆனையும் அதன் எழுத்துமுறையையும் மட்டுமே கற்பித்தார்கள். அந்தலூசியாவில் (முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயினில்) குர்ஆனை அடிப்படையாக வைத்து, கவிதை, உரைநடை, இலக்கணம், அழகிய கையெழுத்து ஆகியவற்றையும் உடன் கற்பித்தார்கள். இஃப்ரீகியாவில் (இன்றைய துனீசியப் பகுதியில்) குர்ஆனோடு ஹதீஸைச் சேர்த்தார்கள். காழி அபூபக்ர் இப்னுல் அரபியோ, முதலில் மொழியும் கவிதையும், பிறகு கணிதம், அதன் பின்னரே குர்ஆன் பாடம் என்று வேறொரு வரிசையை முன்வைத்தார். இப்னு கல்தூன் அதை நல்ல முறை என்று ஒப்புக்கொண்டு, மக்களின் வழக்கம் அதற்கு இடம் தராது என்றும் எழுதினார். பிள்ளை வளர்ந்து கட்டுப்பாட்டை மீறிப் போகும் முன்பே குர்ஆனைக் கொடுத்துவிட வேண்டும் என்ற கவலைதான் அந்த வழக்கத்துக்குக் காரணம் என்று அவர் சொல்லும்போது, இன்றைய பெற்றோரின் மனத்தையும் சேர்த்தே சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும். ஆகவே, உங்கள் பள்ளிக்கு ஏற்ற வரிசையை நீங்கள் அமைத்துக்கொள்வது மார்க்கத்தில் புதுமையன்று.

இரண்டாவதாக, மார்க்கக் கல்வி, உலகக் கல்வி என்று இரண்டாக வெட்டும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊன்றிவிட்டது. இமாம் கஸ்ஸாலி மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயா என்னும் சமுதாயக் கடமையில் சேர்த்தார்கள். சமுதாயத்தில் ஒருவருமே அவற்றைக் கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) விவாதங்களின் பக்கமே திரள்கிறார்களே என்று தம் இஹ்யா நூலில் வருந்தி எழுதியிருக்கிறார்கள். இதை உயர் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லித் தருகிறேன். அறிவியல் படிப்பதற்கு மார்க்கம் அனுமதி தருகிறது என்பதோடு நிறுத்தாமல், அது கடமை என்றும் ஓர் உஸ்தாதே சொல்லும்போது அதன் எடை வேறு.

மூன்றாவது, தாய்மொழி. ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் என்பது சூரா இப்ராஹீமின் 4-ஆம் வசனம். மார்க்கத்தைத் தாய்மொழியில் தெளிவாகவும் அழகாகவும் எடுத்துச் சொல்லத் தெரியாத பிள்ளை, தன் அண்டை வீட்டாருக்கு எதைச் சொல்ல முடியும்? நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு சொன்னார்கள். ஏறத்தாழ அரை மாதத்தில் அவர் கற்றுக்கொண்டார் என்று ஹதீஸில் வருகிறது. அயலார் மொழிக்கே அவ்வளவு முனைப்பு என்றால், சொந்த மொழியை விட்டுவிட்டு எந்தச் சாக்கைச் சொல்வோம்? மார்க்கச் சட்டத்தின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று, நாட்டு வழக்கம் தீர்ப்புக்கு அடிப்படையாகும் என்பது. மார்க்கத்துக்கு முரணில்லாத உள்ளூர் வழக்கத்தை மதிப்பது தாழ்ச்சியன்று.

மனன வகுப்பைப் பற்றி நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிள்ளைகளையும் ஹாஃபிழாக்கும் (குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவராக்கும்) முயற்சியைக் கைவிடுங்கள். விருப்பமும் ஆற்றலும் உள்ளவர்களுக்குத் தனிப்பிரிவு வையுங்கள். காலையில் முதல் நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். மற்றவர்களுக்குச் சரியான தஜ்வீதோடு (உச்சரிப்பு விதிகளோடு) பார்த்து ஓதவும், ஓதுவதன் பொருளை அறியவும் கற்றுக் கொடுங்கள். பிரம்பு எந்தப் பிரிவிலும் வேண்டாம். கடுமையாக நடத்தப்படும் பிள்ளை பொய்யையும் பாசாங்கையும் பழகிக்கொள்கிறது என்பதும் அதே இப்னு கல்தூன் எழுதியதுதான்.

மறுமொழி 3: பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் இருவருமே தொடாத ஒரு சிக்கல் இருக்கிறது. மதிப்பெண்ணும் பாடநூலும் மட்டுந்தான் பன்னாட்டுப் பாடத்திட்டம் என்று எண்ணி உள்ளே கொண்டுவருகிறோம். அது தன்னோடு ஒரு மனிதப் படிமத்தையும் கொண்டுவருகிறது, அதை மறைப்பதும் இல்லை. 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய இன்டர்நேஷனல் பாக்கலோரியேட், ஒரு மாணவரிடம் வளர வேண்டிய பத்துப் பண்புகளை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. வினவும் மனம், நேர்மை, பரிவு, சமநிலை, திறந்த மனம், துணிந்து முயலுதல், தன்னைத் தானே சீர்தூக்கிப் பார்த்தல் ஆகியவை அவற்றுள் சில.

நாங்கள் ஆலிம்களையும் பாட ஆசிரியர்களையும் அமர்த்தி அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். இரண்டு நாள் ஆயிற்று. நேர்மை, பரிவு போன்றவற்றில் ஒரு நிமிடமும் செலவாகவில்லை. தன்னைச் சீர்தூக்கிப் பார்ப்பதை முஹாஸபா என்று நாம் ஏற்கெனவே அறிவோம். திறந்த மனம் என்ற ஒன்றில்தான் முழு ஒரு நாள் போயிற்று. பிறர் நம்பிக்கையை அறிந்து, அவரைப் புண்படுத்தாமல், அவர் சொல்வதை முழுமையாகக் கேட்பதா? அப்படியானால் நீங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பொருட்டே உங்களைச் சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கினோம் என்னும் சூரா ஹுஜுராத்தின் 13-ஆம் வசனம் நம்மிடம் உண்டு. எல்லா நம்பிக்கைகளும் ஒன்றே, எதையும் உறுதியாகப் பற்ற வேண்டியதில்லை என்பதா? அதை நாம் ஏற்பதற்கில்லை. இந்த வேறுபாட்டை ஆசிரியர்களுக்கு எழுத்தில் கொடுத்தோம். உரசல் இருக்கும் இடத்தை உரசல் என்றே சொல்லிவிடுவது நல்லது; எல்லாம் இயல்பாகவே பொருந்தும் என்று பெற்றோரிடம் சொன்னால், முதல் உரசலிலேயே நம்பிக்கை போய்விடும்.

ஒருங்கிணைப்பு என்ற பெயரில் நடக்கும் ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். அறிவியல் பாடத்தின் ஒவ்வொரு அலகின் தலைப்பிலும் ஒரு வசனத்தை ஒட்டிவைக்கும் வழக்கத்தைப் பல பள்ளிகளில் பார்க்கிறேன். அதனால் அறிவியலும் ஆழமாவதில்லை, வசனமும் விளங்குவதில்லை. இன்றைய கருதுகோள் நாளை மாறினால், அதன் மேல் ஒட்டிய வசனத்தைப் பிள்ளை என்ன செய்வது? நீரைப் பற்றிய பாடத்தில் வேதியியலை வேதியியலாகவே முழுமையாக நடத்துங்கள். அன்று உளூச் செய்யும் (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும்) இடத்தில் எவ்வளவு நீர் வீணாகிறது என்று பிள்ளைகளையே அளக்கச் செய்யுங்கள். வீண்விரயத்தைப் பற்றிய மார்க்கப் போதனையும், ஊரின் நீர்நிலையும், உலகின் தண்ணீர்த் தட்டுப்பாடும் அந்த ஓர் அளவைக்குள் வந்துவிடும்.

மறுமொழி 4: கல்வி அறக்கட்டளையின் முன்னாள் உறுப்பினர்

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் அனுபவத்தில் பள்ளிகள் தடுமாறுவது இங்கேதான்.

மூன்று வகை முடிவுகளைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு), தொழுகை, ஹலால் ஹராம் ஆகியவை சார்ந்தவை ஆலிம்கள் குழுவின் சொல்லுக்கு உட்பட்டவை. அதில் பெற்றோரின் பெரும்பான்மைக்கு இடமில்லை. எந்தப் பாடத்தை எப்படி, எந்த வயதில் நடத்துவது என்பது முதல்வரும் ஆசிரியர்களும் தீர்மானிப்பது. அதில் நிர்வாகக் குழு தலையிடக் கூடாது. பணம், பணியமர்த்தல் விதிகள், ஊதியம், பள்ளி எந்தத் தேர்வு வாரியத்தைச் சேர்ந்திருப்பது ஆகியவை குழுவின் பொறுப்பு. சில விஷயங்கள் இரண்டு வட்டங்களைத் தொடும். அவற்றுக்குக் கூட்டு அமர்வு. கலந்தாலோசிப்பது நமக்குக் குர்ஆனே காட்டிய வழி. ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் முடிவு செய்வதற்கு ஷூரா என்று பெயரில்லை.

இந்தோனேசியாவின் கொந்தோர் கல்விக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். 1926-இல் மூன்று சகோதரர்கள் புதுப்பித்து நிறுவிய அது, அரபியையும் ஆங்கிலத்தையும் மாணவர்களின் அன்றாடப் பேச்சுமொழிகளாக்கியதால் புகழ்பெற்றது. அதைவிடப் பெரிய செயலை அவர்கள் 1958-இல் செய்தார்கள். கல்விக்கூடம் முழுவதையும் சமுதாயத்துக்கு வக்ஃபு (அறக்கொடை) செய்தார்கள். அதன் பின் அது அந்தக் குடும்பத்தின் சொத்து இல்லை. ஒரு கொடையாளரின் விருப்பத்துக்கேற்ப ஆண்டுதோறும் திசை மாறும் பள்ளியில் எந்தச் சமநிலையும் நிற்காது. எங்கள் அறக்கட்டளையில் பெருந்தொகை தந்த ஒருவரின் வற்புறுத்தலால் இரண்டே ஆண்டுகளில் பாடத்திட்டத்தை இரண்டு முறை மாற்றினோம். நானும் அதற்குக் கை தூக்கினேன். அந்த இரண்டு ஆண்டுகளில் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் பட்ட சிரமத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அரசின் விதியைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். சிங்கப்பூரில் 2003-இல் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மத்ரஸா மாணவர்களும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் குறிப்பிட்ட தரத்தை எட்ட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 2009-இல் அங்கே மூன்று மத்ரஸாக்கள் ஒரு கூட்டு அமைப்பை உருவாக்கின. ஒன்று தொடக்கநிலையை எடுத்துக்கொண்டது. ஒன்று மார்க்கத்தில் ஆழ்ந்த உயர்நிலைக் கல்வியை, மற்றொன்று பொதுக்கல்விக்கு முதன்மை தரும் உயர்நிலையை எடுத்துக்கொண்டன. ஒரே பள்ளி எல்லாமாகவும் இருக்க வேண்டியதில்லை. உங்கள் அருகில் இன்னோர் இஸ்லாமியப் பள்ளி இருந்தால், முதலில் அவர்களோடு பேசிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் ஜஸாக்குமுல்லாஹு கைரன். நேற்று குழுவைக் கூட்டி இந்த மறுமொழிகளை வாசித்துக் காட்டினேன். உஸ்தாதுகளின் ஊதியத்தை இரண்டு ஆண்டுகளில் சமப்படுத்துவது என்று முடிவு செய்தோம். மூன்று வகை முடிவுகளை எழுத்தில் வகுக்க ஐவர் கொண்ட சிறுகுழு அமைத்திருக்கிறோம். பன்னாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாறும் பேச்சை ஓராண்டு ஒத்திவைத்தோம். அதற்கு முன் தாய்மொழிப் பாடத்துக்கு ஒரு முழுநேர ஆசிரியரை நியமிக்கிறோம். மனனத்துக்குத் தனிப்பிரிவு என்ற யோசனைக்கு மட்டும் எதிர்ப்பு இருக்கிறது. சேர்க்கப்படாத பிள்ளை மனம் வாடும் என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு என்பதால் இன்னும் முடிவெடுக்கவில்லை.

பரிணாமக் கொள்கைப் பாடம் அடுத்த பருவத்திலும் வரும். அறிவியல் ஆசிரியையையும் உஸ்தாதையும் வாராந்தரக் கூட்டத்தில் பேச வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். அது போதுமா?

மறுமொழி 5: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

அந்த இருவரும் பேசட்டும், ஆனால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டாம். அறிவியல் ஆசிரியை, இந்தக் கொள்கை என்ன சொல்கிறது, எந்தச் சான்றுகளின் மேல் நிற்கிறது என்பதைக் குறைக்காமல் சொல்லட்டும். தேர்வில் அதைப் பிழையின்றி எழுதுவது பிள்ளைகளின் கடமை என்றும் சொல்லட்டும். உஸ்தாத், ஆதம் (அலை) அவர்களின் படைப்பைப் பற்றிக் குர்ஆன் சொல்வதையும், இந்த விஷயத்தில் அறிஞர்கள் எங்கெங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கெங்கே வேறுபடுகிறார்கள் என்பதையும் ஒற்றை வரியில் முடிக்காமல் எடுத்துச் சொல்லட்டும். இருவரும் ஒரே பாடவேளையில், ஒரே வகுப்பில், பிள்ளைகளின் முன் அருகருகே நின்று பேச வேண்டும். அவர்களுக்குள் ஒத்துவராத இடம் இருந்தால், அதையும் மரியாதையோடு அங்கேயே சொல்லட்டும்.

இத்தனை பேர் இவ்வளவு எழுதிவிட்டோம். யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்ட அந்த மாணவிக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அவளுடைய வகுப்பில் தொடங்குங்கள், இந்த வாரமே.